பேரனின் ஆமிப் பயிற்சி நிறைவு விழா: வெடிச் சத்தத்துக்குப் பயந்த அம்மம்மா போகலாமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 70 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவரும் நானும் கொக்குவிலில் இருக்கிறோம். அவர் இருதய நோயாளி, என்னோடு பயணம் வரமாட்டார். மகள் குடும்பம் அமெரிக்காவில், ஷார்லட் நகரத்தில். அவளுடைய மகன் அந்த நாட்டு ஆமியில் சேர்ந்து, தென் கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்சன் என்ற முகாமில் அடிப்படைப் பயிற்சி எடுக்கிறான். ஜூலை கடைசியில் நிறைவு விழா. அம்மம்மா கட்டாயம் வர வேண்டும் என்று கடிதம் போட்டிருக்கிறான். முன்பு எடுத்த விசா இன்னும் செல்லும். சலரோகம், பிரஷர், முழங்கால் வருத்தம் மூன்றும் இருக்கின்றன. சலரோகத்துக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்கிளசைட்டும், பிரஷருக்கு லோசாட்டனும் குடிக்கிறேன். என் பயம் வேறு. 95 யுத்த இடப்பெயர்வுக்குப் பிறகு தீபாவளி வெடிக்கே நெஞ்சு படபடத்துக் கை நடுங்கும். விழாவில் வெடிச் சத்தமும் புகையும் இருக்கும் என்று மகள் சொல்கிறாள். போதாததற்குத் தம்பி, "எந்த நாட்டு ஆமியெண்டாலும் ஆமிதானே, அங்க போய்க் கை தட்டப் போறியோ" என்கிறான். போகலாமா? போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: போங்கள், ரீச்சர். சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருந்தால் உங்கள் மூன்று வருத்தங்களில் ஒன்றும் இந்தப் பயணத்தைத் தடுக்காது. நீங்கள் கடைசியில் எழுதிய பயத்தை நான் முதலில் எடுக்கிறேன். மற்றவற்றுக்குக் குளிசையும் ஒழுங்கும் போதும்.

அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது பாதி மருந்து. விழா இரண்டு நாள். முதல் நாள் குடும்ப நாள், மறுநாள் நிறைவு அணிவகுப்பு. இரண்டும் ஹில்டன் ஃபீல்ட் என்ற பெரிய மைதானத்தில். ஒரு பக்கம் படிப்படியான இருக்கைகளில் குடும்பங்கள், எதிர்ப்பக்கம் மரங்கள். குடும்ப நாளில் ஒலிபெருக்கியில் பாட்டு உரக்கப் போகும். மரங்களுக்கு முன்னால் நிறப் புகை கிளம்பும், வெடிகள் கேட்கும், அந்தப் புகைக்குள் இருந்து பிள்ளைகள் வரிசையாக வெளியே வருவார்கள். சில நிமிடங்கள்தான். அதன்பின் அணி நிற்கும், பேச்சு நடக்கும். பிறகு குடும்பங்களை மைதானத்துக்குள் விடுவார்கள். உங்கள் பேரன் அசையாமல் நேரே பார்த்தபடி நிற்பான். வீட்டு ஆள் ஒருவர் போய்த் தோளில் தொட்ட பிறகுதான் அவன் அசைவான். இந்த விழாவின் உயிரே அந்தத் தொடுகையில்தான் இருக்கிறது. வெடி முடிந்து வெகு நேரத்துக்குப் பிறகு வருகிற கட்டம் அது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெடிக்கு உங்கள் உடம்பு துடிப்பது கோழைத்தனம் இல்லை. ஷெல்லுக்கும் பொம்மருக்கும் பங்கருக்குள் ஓடி உயிர் தப்பிய ஒரு தலைமுறையின் மூளை, சத்தம் கேட்டதும் யோசிக்காமல் ஓடப் பழகிவிட்டது. கள்ளனுக்குக் குரைத்துப் பழகிய நாய் தபால்காரருக்கும் குரைப்பது போலத்தான் இது. என் கிளினிக்குக்கு வருகிற உங்கள் வயதுக்காரர்களில் தீபாவளி அன்று கதவைப் பூட்டிக்கொண்டு உள் அறையில் இருப்பவர்கள் ஒருவர் இருவர் இல்லை. ஆனால் எதிர்பாராத சத்தம் தாக்குவது போல எதிர்பார்த்த சத்தம் தாக்குவதில்லை. இதைத்தான் நாங்கள் பயன்படுத்தப் போகிறோம்.

அந்த முகாமில் முன்பு நடந்த குடும்ப நாள் வீடியோக்கள் யூடியூப்பில் கிடைக்கும். பகலில், கணவரை அருகில் வைத்துக்கொண்டு, முதலில் சத்தமே இல்லாமல் பாருங்கள். அடுத்த நாள் சத்தத்தை மிகக் குறைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. நெஞ்சு அடித்தால் உடனே மூடிவிட்டு எழுந்து ஓட வேண்டாம். வீடியோவை நிறுத்திவிட்டு அதே கதிரையில் இருந்து, படபடப்பு இறங்கிய பிறகு எழும்புங்கள். அங்கேயே இருந்து அது அடங்குவதை உடம்பு பார்க்க வேண்டும். இரவு படுக்கப் போகும் முன் பார்க்கவே வேண்டாம். "இதே புகையை எத்தனை தரம் பார்க்கிறது" என்று உங்களுக்கு அலுக்கும் வரை செய்யுங்கள். அலுப்புத்தான் நல்ல அறிகுறி.

அன்றைய நாளுக்குக் காதில் வைக்கிற பஞ்சு அடைப்பான் ஒரு சோடி கைப்பையில் இருக்கட்டும். இருக்கை வரிசையின் ஓரத்தில், எழுந்து போக வசதியான இடத்தில் இருங்கள். மகள் உங்கள் கையைப் பிடித்திருக்கட்டும். புகை கிளம்பும்போது இரண்டு பாதங்களையும் நிலத்தில் அழுத்தி, மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். இதெல்லாம் வேண்டாம், என்னால் ஏலாது என்று அன்றைக்குத் தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது: மருமகனோடு வாகனத்திலேயே இருந்துவிட்டு, வெடி முடிந்த பிறகு உள்ளே போங்கள். தோளில் தொடும் நேரத்துக்கு அங்கே நின்றால் போதும்.

நித்திரைக் குளிசை வாங்கிக்கொண்டு போகிற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புது ஊர், புதுப் படிக்கட்டு, முழங்கால் வருத்தம், அரைத் தூக்கம். விழுந்து இடுப்பு உடைவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் வெடி இல்லாத நாளிலும் அந்தக் காலம் கனவில் வருகிறது, அதைப் பற்றிக் கதைக்கவே முடியவில்லை என்றால் பயணத்துக்காக மட்டும் என்று நினைக்காமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ உளநலப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். 70 வயதில் போய் என்ன என்று விட்டுவிடுகிற விசயம் இல்லை இது. அந்த வயதிலும் குணமாகிறது.

சீருடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் சொல்ல வேண்டும். குடும்ப நாளில் பிள்ளைகள் புள்ளிபோட்ட சண்டைச் சீருடையில் வருவார்கள். மறுநாள்தான் மடிப்புக் குலையாத விழாச் சீருடை. செக்பொயின்ரில் நின்று அடையாள அட்டையை நீட்டிய கண்ணுக்கு அந்தப் புள்ளிச் சீருடைதான் திடுக்கிட வைக்கும், அதுவும் நூற்றுக்கணக்கில் ஒன்றாக. ஆண் பிள்ளைகள் எல்லார் தலையும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டியிருக்கும், பேரனை அடையாளம் பிடிப்பதும் கஷ்டம். அவனுடைய கொம்பனி, பிளட்டூன், அதாவது பெரிய அணியும் அதற்குள் சின்ன அணியும், எது என்று மகள் எழுதி வைத்திருக்கட்டும். அவன் சீருடையில் இருக்கிற படம் ஒன்று கிடைத்தால் இப்போதே வட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்துப் பழகுங்கள்.

தம்பியின் கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை. அவருக்கு அப்படித் தோன்றுவதற்கு இந்த மண்ணில் காரணம் இருக்கிறது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் போவது ஒரு படைக்கு வாக்குப் போட இல்லை, பேரனின் தோளைத் தொட. கை தட்டினீர்களா இல்லையா என்று அங்கே ஒருவரும் கணக்கெடுக்கப் போவதுமில்லை. தேசிய கீதத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள், முடிந்தால் நீங்களும் நில்லுங்கள். முழங்கால் விடாவிட்டால் இருந்தபடி இருக்கலாம், வயதானவர்களை யாரும் முறைப்பதில்லை.

இனி ரிக்கற். பயிற்சி 10 கிழமை என்றாலும் விழாத் திகதி கல்லில் வெட்டிய எழுத்து இல்லை. கால் சுளுக்கினாலோ, காய்ச்சலில் சில நாள் படுத்தாலோ, ஒரு பரீட்சையில் தவறினாலோ பிள்ளையைப் பின்னால் வருகிற அணியோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது விழா சில கிழமை தள்ளும். பிள்ளையில் பிழை என்று அர்த்தம் இல்லை, நிறையப் பேருக்கு நடப்பதுதான். ஆகவே திகதி மாற்றக்கூடிய ரிக்கற்றையே எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. விழாவுக்கு ஒரு கிழமையாவது முன்னதாகப் போய்ச் சேருங்கள். கோடையில் அந்தப் பக்கத்து நேரம் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது, நித்திரை வழிக்கு வரச் சில நாள் பிடிக்கும். ரிக்கற் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதியச் சொல்லுங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. வெட்கப்பட்டு வேண்டாம் என்று சொல்லி, நடந்தே கால் வீங்கி இறங்கிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கொக்குவிலில் இருந்து இரவு பஸ்ஸில் போய் அப்படியே கட்டுநாயக்காவில் விமானம் ஏறாமல், நீர்கொழும்பிலோ கொழும்பிலோ ஒரு நாள் படுத்து எழும்பிப் போங்கள். விமானத்தில் இடைக்கிடை எழுந்து நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள், கால் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருங்கள்.

பயணக் காப்புறுதி இல்லாமல் போகவே போகாதீர்கள். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு இரவு படுத்தாலே மகளின் சேமிப்பு கரைந்துவிடும். வாங்கும்போது, ஏற்கெனவே உள்ள சலரோகமும் பிரஷரும் அதில் அடங்குமா என்று பத்திரத்தில் வாசித்துப் பாருங்கள். விற்பவரின் வாயை நம்ப வேண்டாம்.

குளிசை விசயத்தில்தான் உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் குடிக்கிற கிளிக்கிளசைட் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. தீர்ந்துபோனால் அதே குளிசை வாங்க முடியாது. நிற்கப் போகிற நாள் முழுவதற்கும், மேலதிகமாக இரண்டு கிழமைக்கும் சேர்த்துக் கொண்டு போங்கள். எல்லாவற்றையும் கைப்பையில், கடையில் தந்த பெட்டியோடும் வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடும் வையுங்கள். பெரிய பெட்டி வழி தவறினால் மூன்று நாளைக்கு வராது.

கிளிக்கிளசைட்டுக்கு ஒரு குணம் இருக்கிறது. குடித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனியை ஒரேயடியாக இறக்கிவிடும். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகே அதைப் போடுங்கள். விழா நாளில்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஷார்லட்டில் இருந்து முகாம் ஏறக்குறைய 150 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியால ஓட்டம். விழா காலை 9 மணிக்கு என்றால், அந்த ஆமியின் புது ஆட்களில் பாதிப் பேரளவு பயிற்சி எடுக்கிற முகாம் அது, வாசலில் வாகன வரிசை நீளும். அதனால் விடிய முன்னே புறப்படச் சொல்வார்கள். நீங்கள் வழமைப்படி எழும்பிக் குளிசையைப் போட்டு, ஒரு பிளேன்ரீயைக் குடித்து, "சாப்பாடு பிறகு பார்ப்போம்" என்று வாகனத்தில் ஏறுவீர்கள். ஒன்பது மணியளவில் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். வெடியும் அதே நேரம் கேட்டிருக்கும். எல்லாரும் பயம் என்று நினைத்து உங்களை ஆறுதல்படுத்திக்கொண்டு நிற்பார்கள். உண்மையில் சீனி இறங்கியிருக்கும்.

பயத்துக்கும் சீனி இறங்குவதற்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான். நடுக்கம் வந்தால் முதலில் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள், மனதை அதற்குப் பிறகு பார்க்கலாம். 70க்குக் கீழே (mg/dL) நின்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, அரைக் கிளாஸ் பழச்சாறாகவோ குடித்து, 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள். பிறகு பிஸ்கற் போல ஏதாவது சாப்பிடுங்கள். மானி கையில் இல்லை என்றால் யோசிக்காமல் சீனியைக் குடியுங்கள். முந்தின நாளே முகாம் இருக்கிற கொலம்பியா நகரத்துக்குப் போய்த் தங்கினால் காலையில் ஆறுதலாக இரண்டு துண்டு பாணாவது சாப்பிட்டுக் குளிசையைப் போட்டுக்கொண்டு போகலாம். அறை வாடகைக்கு மகள் கணக்குப் பார்த்தால் டொக்டர் சொன்னவர் என்று சொல்லுங்கள்.

வெயிலை யாழ்ப்பாணத்து ஆள் எனக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். ஜூலையில் அங்கே பகல் 33, 34 பாகைக்குப் போகும், எங்களுக்கு வருகிற கடற்காற்றும் அங்கே இல்லை. மைதானம் திறந்த வெளி, நிழலை நம்பாதீர்கள். தொப்பி, கைக்குட்டை, தண்ணீர்ப் போத்தல் மூன்றும் வேண்டும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: எங்கள் அம்மாமார் வெளியே போகிற நாளில் கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அன்றைக்கு அது ஆபத்து. போனவுடன் கழிப்பறை எங்கே என்று மகளைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள், பிறகு தாராளமாகக் குடியுங்கள். சேலை உடுத்தலாம், பேரனுக்கும் தூரத்தில் இருந்தே உங்களைத் தெரியும். பட்டு வேண்டாம், பருத்திச் சேலையைக் கணுக்கால் தெரியக் கட்டுங்கள். படிகளில் ஏறி இறங்க வேண்டும், புல்லில் நடக்க வேண்டும். செருப்பை விட்டுப் பின்பக்கம் பட்டி உள்ள சப்பாத்தைப் போடுங்கள். தடியைக் கொண்டு போக வெட்கப்படாதீர்கள்.

முகாம் வாசலில் உங்கள் கடவுச்சீட்டின் அசலைக் காட்ட வேண்டும், போட்டோக்கொப்பி காணாது. வெளிநாட்டவர் உள்ளே போவதற்கு அந்த நாட்டுக்காரரைவிடக் கூடுதல் நடைமுறை இருக்கலாம். மகள் பல கிழமை முன்னதாகவே முகாமின் வருகையாளர் பிரிவோடு கதைத்து, உங்கள் பெயரையும் கடவுச்சீட்டு விவரத்தையும் கொடுத்துக் கேட்டு வைக்க வேண்டும். வாசலில் போய்ப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. வாகனத்தையும் பைகளையும் சோதிக்கலாம். உங்கள் வெற்றிலைப் பைக்குள் பாக்குவெட்டி கிடந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

சாமான் கட்டும்போது மாம்பழப் பருவம் உங்களைச் சோதிக்கும். கறுத்தக்கொழும்பான் ஒன்றும் போகாது. புதுப் பழம், இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை எதையும் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். பயத்தம் பணியாரம், முறுக்கு, மிளகாய்த்தூள் கொண்டு போகலாம், ஆனால் வந்திறங்கும்போது சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று படிவத்திலோ வாயாலோ சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் தண்டம். விழா அன்று பணியாரத்தை அவன் உங்களோடு இருந்து சாப்பிடலாம், படுக்கை மண்டபத்துக்குக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள், அகப்பட்டால் அவனுக்குத்தான் பேச்சு. நிறையவும் தீத்த வேண்டாம். பத்துக் கிழமை அளந்து, அவசரமாகச் சாப்பிட்ட வயிறு, ஒரேயடியாக எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்டால் குழம்பும்.

அவனைக் கண்டதும் "மெலிஞ்சு போனாய்" என்று தொடங்காதீர்கள். மெலிந்துதான் இருப்பான், கத்திக் கத்தித் தொண்டையும் அடைத்திருக்கும். கடைசிக் கிழமைகளில் ஃபோர்ஜ் என்று 96 மணித்தியாலக் காட்டுப் பயிற்சி ஒன்றை முடித்து வருவார்கள், நித்திரை அவனுக்குப் பெரிய கடன். உங்களுக்கும் "மேம்" என்று பதில் வரலாம், பழக்கத்தில் வருவது, கோபிக்க வேண்டாம். தொட்டதும் கட்டிப்பிடிக்கலாம். ஆனால் சீருடையில் நிற்கிறவன், நெடு நேரம் கொஞ்சிக்கொண்டு நிற்க அவனால் முடியாது. படம் எடுத்து, சாப்பிட்டு, போனைக் கையில் கொடுத்து விடுங்கள். உங்கள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனால் எழுப்பாதீர்கள்.

இரண்டு நாளுக்கும் போக உடம்பு விடாது என்றால் குடும்ப நாளைத் தெரிவு செய்யுங்கள். மறுநாள் அணிவகுப்பு பார்க்க அழகுதான், பாண்ட், கொடி, எல்லாம் இருக்கும். ஆனால் அதன்பின் அவர்களைச் சிறப்புப் பயிற்சிக்காக வேறு முகாம்களுக்கு அனுப்புகிற அவசரம் தொடங்கிவிடும். ஆறுதலாக இருந்து கதைக்க முதல் நாள்தான் வசதி.

கணவர் தனியே நிற்கிறார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். விழாவை முகாமின் பேஸ்புக் பக்கத்தில் நேரலையாகப் போடுவார்கள். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. தம்பியை அன்றைக்கு வீட்டுக்கு வந்து போனைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். இருதய நோயாளி தனியே இருந்து உணர்ச்சிவசப்படாமல் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், தம்பிக்கும் ஒரு வேலை ஆகும். நீங்கள் இல்லாத நாட்களில் அவருடைய குளிசைகளைக் கிழமைப் பெட்டியில் யார் நிரப்புவது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.

புறப்பட மூன்று கிழமை இருக்கும்போது கிளினிக் கொப்பியோடு ஒருதரம் உங்கள் வைத்தியரிடம் போங்கள். மூன்று மாதச் சராசரிச் சீனி, சிறுநீரகம், இருதய மின்வரைபு மூன்றையும் பார்த்து, குளிசைகளின் பொதுப் பெயரும் அளவும் போட்டு ஆங்கிலக் கடிதம் எழுதித் தருவார். என்னிடம் வருவதானால் வெறும் வயிற்றில் வாருங்கள். இரத்தம் எடுத்த பிறகு சாப்பிடச் சாப்பாடு கையோடு இருக்கட்டும், காலைக் குளிசையை அதற்குப் பிறகு போடலாம்.